நான்கு பத்து

இந்த ஊர்க் குழாய்க்குக் குளிர்ந்த நீர் தெரியாது.
எந்நேரம் திறந்தாலும்
இப்போதுதான் யாரோ எழுந்துபோன இருக்கையின் சூடு.
அதனால் குளிர்பெட்டியில், தயிருக்குப் பக்கத்தில்,
எனக்கென்று ஒரு போத்தல்.
தவமலர் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறாள்:
"யாரும் குடிக்காதீங்க. இது அப்பா தாடைக்கு."

விடிகாலை நான்கு பத்து. ஈசூன், பதினோராம் மாடி.
தண்ணீர் பட்டதும் மயிரெல்லாம்
அணிவகுப்பில் அதட்டல் கேட்ட
தேசிய சேவைப் பையன்கள்.
சுங்கை ரோட்டில் பன்னிரண்டு வெள்ளிக்கு வாங்கிய கத்தியைத்
தோல்வாரில் ஏழு தடவை இழுத்து
காதுக்குக் கீழே வைக்கிறேன்.

கன்னம் எளிது.
கழுத்துக்கு வந்தால்தான் கத்தி விசாரிக்கும்:
மூச்சு எங்கே, எச்சில் எங்கே,
நேற்று மேலாளர் முன்னால் விழுங்கிய சொல் எங்கே.

அப்போது பார்த்து, தலைக்கு மேலே
ஒரு கோலிக்குண்டு விழுகிறது.
டக். டக். டடடட.

கை அப்படியே நிற்கிறது.
மேல்வீடு சித்திரையிலிருந்து பூட்டிக் கிடக்கிறது.
குழாய்க்குள் காற்று என்றார் வீவக ஆள்.
சரி,
காற்று ஆடி முடிக்கட்டும்.

ஐந்தரைக்கு, முதல் நிறுத்தத்தில்,
சந்தைத் தள்ளுவண்டியோடு ஏறிய சீனத்து அம்மா
அட்டையைத் தட்டிவிட்டுத் தன் காதைத் தொட்டார்.
பீப் சத்தம் கேட்கவில்லையாக்கும் என்று
பொறியைப் பார்த்தேன். பச்சை எரிந்தது.
தலையை ஆட்டினார். மறுபடி காது.
பின்னால் ஆறு பேர் காத்திருக்க,
கண்ணாடியைத் திருப்பினேன்.

மடலுக்குப் பின்னால்
பயறளவு நுரை,
இன்னும் சில்லென்று.