எறும்பு வராத சிவப்பு

தோகார் எடுப்பது பேய்ப்படம் என்றால்
சோளப்பாகில் கொஞ்சம் கோகோப் பொடி.
இருட்டில் ரத்தம் யோசித்து யோசித்து இறங்கவேண்டும்,
படியிறங்கும் மூட்டுவலிக்காரர் போல.
சண்டைப்படம் என்றால் தண்ணீர் கூடுதல்,
நீலச்சாயம் அரைச்சொட்டு.
குத்து விழுமுன்பே தெறித்துவிட வேண்டும்.
பதினொரு படம், இரண்டே வாளி.
என் பெயர் நர்சிஹ். திரையில் அது
ஓட்டுநர்களுக்கும் சமையல்காரருக்கும் நடுவே
ஒன்றரை நொடி ஓடும்.

சுகபூமியில் ரப்பர்த் தோட்டத்துப் பாழ் பங்களா.
கஃபன் துணியில் ஐந்து முடிச்சிட்டுக் கட்டிய பிணம்
குதித்துக் குதித்து வருகிறது.
போச்சோங் என்றால் ஊரே கதவடைக்கும்.
உள்ளே இருப்பவன் வாகியோ.
அடுத்த மாதம் ஜகார்த்தாவில், சாக்குங் கிடங்கில்
சிலாட் அடியில் ஏழு பேரைச் சாய்ப்பவனும்
எட்டாவதாகத் தானே சாய்பவனும் அவன்தான்.
"அடியாளுக்குக் கூலி அதிகம்.
ஆனால் பேயை யாரும் முழங்கையால் இடிப்பதில்லை"
என்பான், முடிச்சவிழ்க்க நேரமில்லாமல்
துணிக்குள்ளிருந்தே கிராம்பு சிகரெட் கேட்டபடி.

தோகாருக்கு இரண்டும் ஒன்றுதான்.
"கதவு திறக்குமுன் ஒரு மூச்சு.
அப்புறம் வருவது கத்தியா கூந்தலா என்பது
தயாரிப்பாளர் பாடு."
பாங்கு கேட்டால் கையை உயர்த்துவார்.
கொன்றவன், செத்தவன், விளக்குப் பையன்
எல்லோரும் ஒரே தட்டில்
பொரித்த வாழைப்பழம் தின்போம்.
கழுத்துகளில் என் கோகோ உலரும்.
எறும்புகளுக்கு யார் சொல்வார்களோ,
வரிசையாக வந்துவிடும்.

அந்தப் புதன்கிழமை,
கிடங்கில் ஒன்பதாம் டேக்.
இரும்புப்படியில் விழுந்து எழுந்தான் வாகியோ.
மானிட்டரை விட்டுக் கண்ணெடுக்காமல்
தோகார் கத்தினார்:
"நர்சிஹ், நிறம் சரியில்லை.
ரொம்ப நீர்த்திருக்கிறது. யார் நம்புவார்கள்?"
நான் வாளியைப் பார்த்தேன்.
மூடி திறக்கவே இல்லை.

புருவத்தில் ஆறு தையல்.
மருத்துவமனை வாசலில் தோகார்
அவனுடைய ஒற்றைச் செருப்பைப் பிடித்தபடி நின்றார்,
யாரோ வாங்கிக்கொள்வார்கள் என்பதுபோல.
படியில் சிந்தியதைச் சனிக்கிழமைதான் கழுவினேன்.
அதுவரை ஓர் எறும்பு வரவில்லை.

அந்தத் துண்டு படத்தில் இல்லை.
எடுத்தது யாரென்று நான் கேட்கவில்லை.

அடுத்ததும் பேய்ப்படம்.
கதைத் தாளைப் புரட்டினேன்:
பக்கம் எண்பது வரை ரத்தம் என்ற சொல்லே கிடையாது.
"அப்புறம் நான் எதற்கு?"
"கதவுக்குப் பின்னால் நில். வாளியோடு."
"திறக்கணுமா?"
"வேண்டாம்."

நிற்கிறேன்.
கதவுக்கு அந்தப்பக்கம் யாரோ மூச்சடக்குகிறார்கள்.
இந்தப்பக்கம், கணுக்காலில் ஏறுகிறது முதல் எறும்பு.
அசையக்கூடாது.
ஒலிப்பதிவு ஓடுகிறது.