இருபத்தேழாம் பெட்டி

தக்கலையில் பல்செட் செய்து கொடுக்கிறேன்.
பகலில் மேல்தாடை, கீழ்தாடை, பிளாஸ்டர் அச்சு.
தேய்ந்த கொக்கி ஊசிகளும்
முடி உதிர்ந்த பிரஷ்களும்
இரவில் கற்களுக்கு.

கல்லுக்கும் ஈறு உண்டு.
கார்னெட் பாறையை விட்டு எழும்பும் இடத்தில்தான்
அழுக்கு சேரும். பைய எடுக்கணும்.
முனை போனால் அது ஜல்லி.

சித்திரங்கோட்டு கிரஷரில் லாரி ஓட்டும் சோபிதராஜ்
டிபன் பாத்திரத்தில் கொண்டுவருவான்,
மீன்குழம்பு மணத்தோடு.
"இந்தா உனக்க எளவு."
எந்தக் குவாரி, எந்தச் சுவர், என்றைக்கு வெடி வைத்தது,
நான் கேட்டு முடிப்பதற்குள் லாரி கிளம்பிவிடும்.

இடம் தெரியாத கல்லை அலமாரியில் ஏற்றுவதில்லை.
எவ்வளவு அழகானாலும்.
அவை பூச்செட்டியில் கிடந்து மழை நனைகின்றன.

இடவப்பாதி தொடங்கினால் எனக்கு உறக்கமில்லை.
தூத்துக்குடி உப்பளத்துக் கனசதுரம் ஒன்று
பெட்டிக்குள்ளேயே வியர்த்து
தன் சீட்டையே நனைத்து
ஜூலைக் கடைசியில் மூலைகள் இல்லாமல் இருந்தது.
ராஜஸ்தானிலிருந்து பொன்னாக வந்த பைரைட்
வெள்ளைப் பொடி கக்கி, கந்தகம் நாறி,
பக்கத்துக் கால்சைட்டையும் அரித்துத் தின்றது.
இப்போது யார் புதுச் செருப்பு வாங்கினாலும்
சிலிக்கா பொட்டலத்தை எனக்குத் தருகிறார்கள்.

வைடூரியம் இருக்கா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள்.
இருக்கிறது. கண் திறக்காத ஒன்று.
பட்டை தீட்ட லாயக்கில்லை என்று
நாகர்கோவில் கடைக்காரர் தள்ளிவிட்டார்.
தள்ளியதால்தான் முழுதாக இருக்கிறது.

இருபத்தேழாம் பெட்டியில் கல்லே இல்லை.

சுபலாவுக்குத் துணையாக
மண்டைக்காட்டுக் கொடைக்குப் போய்வந்து
செருப்பை உதறினேன். கறுப்பு மணலுக்குள்
தேன் நிறத்தில் சில மணிகள்.
லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மோனசைட்.

டாக்டரிடம் காலாவதியான எக்ஸ்ரே பிலிம் கேட்டேன்,
பல்லுக்கு வைக்கும் சின்னது, உறை பிரிக்காதது.
அதன்மேல் மணிகளைப் பரப்பி
பழைய உறைகளின் ஈயத்தாளால் சுற்றி
யாரும் படுக்காத அறையில் வைத்தேன்.
ஒரு தவக்காலம் முழுக்க அங்கேயே இருந்தது.

பெரிய வெள்ளிக்கு மறுநாள் கழுவியபோது
பதினொரு கறுப்புப் புள்ளிகள்.
விளக்கில்லை, கேமராவில்லை.
இருட்டில் இருந்தபடி
தாமே எடுத்துக்கொண்ட படம்.
ஒரு புள்ளி மட்டும் பெரிது, ஓரம் கலைந்தது,
அசைந்துவிட்டதுபோல.

மணிகளைக் கடலோரத்திலேயே கொட்டிவிட்டு வந்து
கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினேன்.
சீட்டு எழுதினேன்:

மோனசைட். படம் மட்டும்.
இடம்: மண்டைக்காடு, இடது செருப்பு.
எடுத்தது: தானே.

சோபிதராஜிடம் காட்டினேன்.
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
வெகுநேரம் பார்த்தான்.

"யாருக்க பல்லு இது?
நல்ல சொத்தையாட்டு இருக்கே."