பச்சையம்மாளின் மூஞ்சி

சாகேத் கோர்ட்டில் எனக்கு ஒரு நாள் படி எழுநூறு.
மெட்ரோ போக, டீ போக
மிஞ்சுகிற காசுக்கு
ஒருத்தியின் மூஞ்சியை இங்கிலீஷிலிருந்து
தமிழுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும் என்று
அன்று காலை வரை தெரியாது.

மே மாதம். கூலர் சத்தத்தில்
நீதிபதியின் உதடு மட்டும் அசைகிறது.
புகார் கொடுத்தவர் மிஸஸ் நாரங்,
நிஜாமுதீன் கிழக்கு, இரண்டாம் மாடி.
காணாமல் போனது வெள்ளிக் கரண்டி.
ஆறில் ஒன்று.
புகார் மூன்று பக்கம்.
கரண்டிக்கு நாலு வரி,
மிச்சமெல்லாம் பச்சையம்மாளின் முகம்.

இந்தியில் திட்டு வாங்கத் தெரியும்,
பதில் சொல்லத் தமிழ்தான் வேணும்
என்று கேட்டிருந்தாள்.
அதனால் நான்.

ஃப்ரௌன் என்று தொடங்குகிறது.
புருவத்தைச் சுருக்குவீங்களாம், என்றேன்.
"வெங்காயம் அரிஞ்சா பின்னே?"

ஸ்கௌல்.
எப்பவும் சிடுசிடுன்னு இருப்பீங்களாம்.
பேசாமல் நின்றாள்.
அப்போது அவள் முகத்தில் இருந்தது அதுதானா
என்று எனக்குத் தெரியவில்லை.
அகராதியில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில்
படம் கிடையாது.

க்ளௌவர் என்று ஒன்று.
கல்லூரியில் படித்ததோடு சரி,
யாரும் சொல்லிக் கேட்டதில்லை.
உலை கொதிக்கையில்
மூடியை அழுத்திப் பிடித்த மாதிரி ஒரு பார்வை.
உர்ரென்று? கறுவிக்கொண்டு?
மனசுல வச்சுக்கிட்டே பாப்பீங்களாம், என்றேன்.
"எதை?"
அது புகாரில் இல்லை.

ஸ்னியருக்கு
உதட்டைக் கோணிக் காட்டவேண்டியதாயிற்று.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
பச்சையம்மாளுக்கு இடப்பக்கம் ரெண்டு பல் கிடையாது,
உதடு அந்தப் பக்கம் சரிந்தேதான் கிடக்கும்,
சிரித்தாலும், தூங்கினாலும்.

"ஏம்மா, என் மூஞ்சிக்கா இத்தனை பேரு?
எம் பேரை மட்டும் பாச்சி பாச்சின்னு படிக்கிறாங்க."

கடைசியாக க்ளேர்.
மார்ச் ஏழாம் தேதி, சமையலறை வாசலில் நின்று,
மாமியார் அம்மாவை.
முறைச்சீங்களாம்.

இதற்கு மட்டும் நான் தேடவே இல்லை.

முந்தானையை இழுத்துச் செருகினாள்.
"ஆமா. அது நெசம்.
சின்னவளுக்குப் பேதி, ரெண்டு நாள் போவல.
நாலு நாள் சம்பளத்தைப் பிடிச்சிட்டாங்க.
வாய் வரல.
முறைச்சேன். நல்லா முறைச்சேன்.
அதை மட்டும் எழுதிக்கச் சொல்லு.
மத்ததெல்லாம் வெய்யிலு."

என்ன சொல்கிறாள், என்றார் நீதிபதி.

ஸ்டெனோவின் பத்து விரலும் காற்றில் நின்றன.
ஒப்புக்கொண்டாள் என்று ஏறிவிடும்.
பார்வையிலிருந்து கரண்டிக்குப் போக
எத்தனை படி என்று எதிர்வக்கீலுக்கு அத்துப்படி.
முறையிட்டாள் என்று சொல்லிவிடலாமா?
முறைத்தாள், முறையிட்டாள்,
காதில் விழ ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு.
ஆனால் அங்கே தமிழ்க் காது
எங்கள் ரெண்டு பேருக்கு மட்டும்தான்.

"ஷி லுக்ட் அட் ஹர், சார்" என்றேன்.

பார்த்தாள். அவ்வளவுதான்.
டைப் ஆகிவிட்டது.

இருபத்தோரு வருஷமாக இந்த ஊரில்
பாத்திரம் தேய்க்கிறாள் பச்சையம்மாள்.
கம் தெரியும், க்ளீன் தெரியும்,
லேட் தெரியும்.
லுக் தெரியாமலா இருக்கும்.

மெல்ல என் பக்கம் திரும்பினாள்.
புருவம் அசையவில்லை.
உதடு, அந்தச் சரிந்த உதடு,
அதுவும் அசையவில்லை.

அடுத்த வாய்தா ஜூலை பதினொன்று என்றார்கள்.
அதைத் தமிழில் சொல்லத் திரும்பினேன்.
இன்னும் என்னைத்தான்.