தீர்மானம்

இந்த வருடம் ஊருக்குப் போகவில்லை.
டிக்கெட்டுக்குப் பதிலாகக் கம்பெனி தந்த
ஆயிரத்து எண்ணூற்றைம்பது திர்ஹம்
மசாலா டப்பாவுக்குப் பின்னால் உறையில் இருக்கிறது.
என்னவாகப் போகிறோம் என்று
அதற்கு இன்னும் தெரியாது.

ஷார்ஜா, அபு ஷகாரா, நாலாம் மாடி.
பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் என் கட்டில்,
லேப்டாப், ஒரு மைக், ஒரு மோர்சிங்.
அந்தப் பக்கம் ஷியாஸ்.

"மைக்கை மாத்துடா முதல்ல" என்றான் ரெக்ஸன் மச்சாது,
துபாய்க் கல்யாணங்களுக்கு ஸ்பீக்கர் அடுக்குகிறவன்.
"உன்னுது சோப்பு டப்பா.
அப்புறம் இன்டர்ஃபேஸ், ப்ரீஆம்ப்.
ஹெட்போன்ல மட்டும் கஞ்சத்தனம் காட்டாதே."
அவன் சொல்லச் சொல்ல
டக்ட் வரைபடம் ஒன்றின் முதுகில் எழுதினேன்.
கூட்டினால் நாலாயிரத்து முந்நூறு.
அடுத்த டிக்கெட்டுக்கு இரண்டு வருடம்.

பிறகு ஒரு ராத்திரி, வாசிக்காமல்,
சும்மா முப்பது நொடி பதிந்தேன்.
அறையை மட்டும்.
போட்டுக் கேட்டால்
(பழைய ஹெட்போன், இடது காது விட்டுவிட்டு வரும்)
உள்ளே ஒரு சந்தை:
கீழ்த்தளத் தண்ணீர் மோட்டார்,
லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு யாரோ பேசும் உருது,
ஷியாஸ் தன் மனைவியிடம் "பின்னே, பின்னே" என்பது,
எல்லாவற்றின் மேலும்
ஜமுக்காளம் விரித்தாற்போல் என் ஜன்னல் ஏசி.

பகலெல்லாம் குளிர்காற்றுக்குத் தகரம் வளைக்கிறவன் நான்.
சத்தம் எங்கே பிறக்கிறதென்று
தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன்,
அடுத்தவன் கட்டடத்தில்.

ஏசியை அணைத்தேன். ஆகஸ்ட் மாதம்.
முதல் நாலு நிமிடம் சொர்க்கம்.
பல்லில் இரும்பு அதிர்வது,
விரல் மீண்ட பின்னும் அது நடுங்குவது,
மூச்சு உள்ளே போகும் சின்னச் சீறல்,
சோப்பு டப்பா எதையும் விடவில்லை.
ஏழாவது நிமிடம் விரல் வழுக்கியது.
பத்தாவதில்
கம்பி முனையில் ஒட்டிய தேன்மெழுகு இளகி
சுருதி நகர்ந்தது.
புறப்பட்டது ஒரு ஸ்டேஷன், இறங்கியது வேறு.

சரி, ஏசியையே தம்புரா ஆக்கினால்?
அதன் ரீங்காரத்துக்கு
மெழுகைக் கிள்ளியும் ஒட்டியும் பார்த்தேன்.
சேர்ந்தது! சிரித்துக்கொண்டே வாசித்தேன்.
தீர்மானத்தின் நடுவில்
கம்ப்ரஸர் ஓய்வெடுக்கப் போய்விட்டது.
நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்தவன் போல நின்றேன்.

காலையில் பல் தேய்த்தபடி ஷியாஸ் கேட்டான்:
"ராத்திரி ஒரு சத்தம். ஃப்ரிட்ஜ் போச்சோ?"

வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்க மூன்று வாரம்.
ஒரு கை மாறிய ஸ்ப்ளிட் ஏசி, ஆயிரத்து அறுநூறு.
அதிர்வு தாங்கும் ரப்பர் கட்டைகள்
சைட்டில் மிச்சமானவை; ஸ்டோர்காரன் சீட்டு எழுதிக் கொடுத்தான்.
மாட்டியது நானேதான்.
மீதியில் இரண்டு தடித்த கம்பளி, ஒரு ஹெட்போன் ஒயர்.
பட்டியலை மடித்துக்
கட்டில் ஆடும் காலுக்கு அடியில் வைத்தேன்.

"அடப்பாவி" என்றான் ரெக்ஸன்,
"மைக் வாங்கச் சொன்னா ஏசி வாங்கியிருக்கே!"
அவன் குரல் போனில் தெளிவாகக் கேட்டது.
அதுவே எனக்குப் புதிது.

ராத்திரி ஒன்றரை. ஷியாஸ் தூங்கிவிட்டான்.
கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு வாசித்தேன்.
இப்போது கேட்கிறது,
தீர்மானத்தின் மூன்றாம் சுற்றில் நான் இடறுவது.
அரை அட்சரம் இருக்கும்.
இத்தனை நாள் ஏசி அதை மூடி வைத்திருந்தது,
நல்ல நண்பனைப் போல.

மறுபடி. மறுபடி.
ஏழு டேக். ஏழிலும் அதே இடம்.
பாங்கு சொல்ல இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது.
மெழுகு கெட்டியாக இருக்கிறது.