ஆறப் பொறுத்தல்

கொம்போரி கணவாயை ஏறி இறங்கி
கடைசிக் கொண்டை ஊசியைத் தாண்டும்போது
பின்கண்ணாடி முழுக்க நீலமும் சிவப்பும்.
ஒதுக்கினேன்.

இடப்பக்க ஜன்னலைத் தட்டினாள் அந்தக் காவலர்.
அங்கே நான் இல்லை.
இருக்கைப் பட்டை மாட்டிய ஒரு பை மாதுளை மட்டும்
சாய்ந்து உட்கார்ந்திருந்தது.
ஜப்பானில் ஓடிக் கழித்த சுபாரு, ஸ்டியரிங் வலப்பக்கம்.
டார்ச்சைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தாள்,
அந்த நடைக்கும் சேர்த்து எழுதுவாள் போல.

“எஞ்சினை நிறுத்து.”
“முடியாது.”
சொன்ன பிறகுதான்
சொன்னது என் காதில் விழுந்தது.

இரண்டே நிமிடம் என்றேன்.
உள்ளே ஒரு சக்கரம் இருக்கிறது, உள்ளங்கையில் அடங்கும்,
புகையைத் தின்று காற்றைத் திணிப்பது,
இப்போதுவரை நிமிடத்துக்கு லட்சம் சுற்று.
சாவியைத் திருப்பினால் எண்ணெய் நின்றுவிடும்.
நின்ற எண்ணெய் அங்கேயே கருகி
அச்சில் கரியாய்ப் பிடிக்கும்.
பிறகு என் மூன்று மாதச் சம்பளம்.

“யாராவது சாகக் கிடக்கிறார்களா?”
இல்லை.
“பிரசவம்?”
இல்லை.
“பெண்ணா?”
அவள் போன பனிக்காலமே பத்தூமிக்குப் போய்விட்டாள்.
“பிறகு எதற்கு இந்த ஓட்டம்?”
சாலை காலியாக இருந்தது.

திரும்பிப் பார்த்தாள்.
பீச் மரங்களுக்கிடையே மூடுபனி,
ஒரு விளக்கும் இல்லை.
காலிதான் என்பதுபோல் தலையை அசைத்துவிட்டு
என் பெயரைக் கேட்டாள்.

அவ்தாந்தில் என்று தட்டினாள் கைக்கருவியில்.
மலை மடிப்பில் சிக்னல் இல்லை.
அதன் திரையிலும் ஒரு சிறு சக்கரம்
சுற்றிக்கொண்டே இருந்தது.

ஆக, இரண்டு பேரும் நின்றோம்
இரண்டு சக்கரங்களுக்காக.

பானெட் இடுக்கில் ஆவி. சூடான ரப்பர்,
பிரேக் தீய்ந்த நாற்றம், அதன் மேல் ஈர இலை வாசம்.
எண்ணெய் முள் நூற்றிருபதில் இருந்து
பிடிவாதமாக இறங்கியது.
காதில் மஞ்சள் வில்லை குத்திய தெருநாய் ஒன்று
எங்கிருந்தோ வந்து, எங்களை மோந்துகூடப் பார்க்காமல்
முன்சக்கரத்துக்கு உள்ளே சுருண்டது.

“பதினொன்று ஆகிவிட்டதா?” என்றாள்.
நான்கு நிமிடம் ஆயிற்று.
“என் ஷிஃப்ட் பதினொன்றுக்கு முடியும்.
வீட்டில் பன்னிரண்டு என்று சொல்லியிருக்கிறேன்.”
என்னிடம் சொல்லவில்லை, பனியிடம் சொன்னாள்.
நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கருவி கிணுகிணுத்தது. சீட்டு வந்தது.
பெயர்ப்பட்டையில் எலிசோ என்று அப்போதுதான் படித்தேன்.
தொகை பெரியது, வாயைத் திறக்கவில்லை.
இப்போது நிறுத்தலாமா என்று சாவிக்குக் கை நீட்டினேன்.
அவள் ஜன்னலுக்குள் குனிந்து
முள்ளைத் தானே பார்த்தாள்.
“இன்னும் கொஞ்சம்.
விரட்டத் தெரிந்தவனுக்கு ஆறப் பொறுக்கத் தெரியாதா?”

தொண்ணூற்றைந்தில் நிறுத்தினேன்.

அமைதி என்று சொல்ல முடியாது.
டிக்.
டிக் டிக்.
விரிந்த இரும்பு தன் பழைய அளவைத் தேடும் சத்தம்,
ஒழுங்கில்லாமல், அங்கொன்று இங்கொன்றாய்.
டர்போ இருக்கும் மூலையில்
கம்பிச் சந்து வழியே தெரிந்த சிவப்பு
எப்போது போயிற்று என்று பார்க்கத் தவறிவிட்டேன்.

பையிலிருந்து ஒரு மாதுளையை நீட்டினேன்.
“சீட்டுக்கு முன்னால் கொடுத்திருந்தால்
இன்னொரு படிவம் நிரப்ப வேண்டியிருந்திருக்கும்,”
என்று வாங்கிக்கொண்டாள்.
கத்தியில்லை. பூட்ஸ் முனையில் தட்டி உடைத்தாள்.
பாதியை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

தோலைப் பனியில் வீசிவிட்டு
தன் காரின் சுழல்விளக்கை அணைத்தாள்.
ஆனால் ஏறவில்லை.

நானும் சாவியைத் தொட்டேன், பிறகு விட்டேன்.
கீழே நாய் தூங்குகிறது.
வண்டி இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது.