கைப்பிடி

இளைய முதலி தெரு ஹார்டுவேர் கடையில்
ஒன்றரை அடி ஸ்டீல் கம்பியொன்றைக்
கையில் எடுத்துக் கனம் பார்த்தேன்.
"யாருக்கு நைனா?" என்றான் சுலைமான்.
"அம்மாவுக்கு."

எனக்கு எழுபத்தொன்று நடக்கிறது.
அம்மா போய் இருபத்தாறு வருடம்.

துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம்
கிரேன் ஓட்டியவன் நான்.
இருபது டன் பெட்டியைக் கப்பலிலிருந்து தூக்கி
முட்டை வைப்பதுபோல் தரையில் வைப்பேன்.
கொக்கிக்குக் கீழே எவனாவது நின்றால்
ஹாரன் அடித்தே காதைக் கிழிப்பேன்.
அப்படிப்பட்டவன்
குளிக்கப் போகக் கம்பி பிடிக்கிறான் என்று
அந்தப் பையனிடம் எந்த வாயால் சொல்வது?

தெய்வசிகாமணி சொல்லவில்லை.
விழுந்தான்.
சோப்பு நுரை, தேய்ந்த மொசைக், மூன்றங்குலப் படி.
அவ்வளவுதான்.
காலை ஏழு மணியிலிருந்து
மருமகள் வேலை முடிந்து வரும்வரை
பக்கெட்டைத் தட்டிக்கொண்டே கிடந்திருக்கிறான்.
வெளியே கன்டெய்னர் லாரிகள்
ஒன்றன் வாலை ஒன்று மோந்தபடி ஊர்கின்றன.
யாருக்குக் கேட்கும்?
ஸ்டான்லியில் பார்க்கப் போனேன்.
இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
"பக்கெட்டு ஒடஞ்சிடுச்சி மாமே,
புத்தம் புதுசு" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபராஜ் வந்து
டைல்ஸில் துளை போட்டான்.
"எவ்ளோ ஒசரத்துல வெக்கட்டும்?"
அம்மா என் தோளுக்கும் எட்டமாட்டாள்.
அவள் அளவைக் காட்டப் போன கையை
இழுத்துக்கொண்டேன்.
"என் இடுப்புக்கு வை."

அன்றிரவு இரண்டரைக்கு எழுந்தேன்.
இரவில் இரண்டு தரம் எழுவதையும்
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.
மாத்திரை கொடுத்த டாக்டரம்மா சொன்னபடி
கட்டில் விளிம்பில் உட்கார்ந்து
இருபது வரை எண்ணினேன்.
தலைக்குள் இருந்த கப்பல் மெல்லக் கரை தட்டியது.
நின்றேன். விளக்கைப் போட்டேன்.
கம்பி சில்லென்று இருந்தது.
பிடித்தேன்.
இரும்பு என்னைத் தூக்கவில்லை,
அசையாமல் மட்டும் நின்றது.
கிரேனிலும் அதைத்தான் நம்பினேன்,
தூக்கும் கையைவிட
அசையாத காலை.

பிறகு கடைக்கு அடிக்கடி போகவேண்டி வந்தது.
சறுக்காத ரப்பர் விரிப்பு.
மாடிப்படி முடுக்குக்கு ஒரு குட்டி விளக்கு.
"அம்மா எப்டி கீறாங்க?"
"நடக்கறாங்க."
"சக்கர?"
"நூத்தி அறுபதுக்கு எறங்கியிருக்கு."
"கண்ணு?"
"எடது கண்ணு ஆபரேஷன் முடிஞ்சிது.
இப்ப பஸ் நம்பரெல்லாம் படிக்கிறாங்க."
சொல்லச் சொல்ல
எனக்கே அவள்மேல் அக்கறை கூடியது.
சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும்
அவளைக் காசிமேடு வரை நடத்திக்கொண்டு போய்
மீன் ஏலம் முடிந்த ஈரத்தில் கால் வைக்கவிடாமல்
உலர்ந்த ஓரமாகவே திருப்பிக் கூட்டிவந்தேன்.
ஊறுகாயைக் கேட்டாள். தரவில்லை.

உண்மையான அம்மா
ஒரு மழை மாதத்தில்
சந்து முனைக் குழாயடியில் வழுக்கி விழுந்தாள்.
நான் ஓவர்டைமில் இருந்தேன்,
டபுள் சம்பளம்.
இந்தக் கம்பி அப்போது
நாற்பது ரூபாய் இருந்திருக்கும்.

நேற்று சுலைமான் கணக்கு நோட்டைப் புரட்டினான்.
"இந்த மாசம் மட்டும் பதினோரு அம்மா நைனா.
நம்ம ஏரியாவுல
எல்லா அம்மாவுக்கும் மீசை கீது."
சிரிக்கவில்லை அவன்.
ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டான்.

சிரிப்பை மறைக்க
அலமாரிப் பக்கம் திரும்பினேன்.
அடுத்த வாரம் தெய்வசிகாமணி
வாக்கரோடு வீட்டுக்கு வருகிறான்.
"இன்னொரு கம்பி குடு,
ரெண்டடி."
"இது யாருக்கு?"

"அவங்க அம்மாவுக்கு."