கடைசிப் பெட்டி

கணியம்பாடி தாண்டி மூன்றாவது கேட்.
போன் மணி அடித்தால்
எனக்கு முன்னால் என் நெஞ்சு எழுந்து நிற்கும்.
வாய் உலரும், உள்ளங்கை வேர்க்கும்,
சக்கரம் சுழற்ற எங்கிருந்தோ பலம் வரும்.
இந்தப் பயத்தின்மேல் எனக்குப் புகார் இல்லை.
போன ஆடியில், ஸ்கூட்டியைச் சாய்த்து
கேட்டுக்கு அடியில் நுழைந்தவளைப்
பின்னுக்கு இழுத்தது
நானா, அதுவா?
பாசஞ்சர் எங்கள் இருவர் துணியையும்
உதறிவிட்டுப் போனது.

புகார் வேறு.
வீட்டில் குக்கர் விசில் விட்டால்
ஞானசிகாமணி ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்.
நான் கொடி தேடுவேன்.

காட்பாடி ரயில்வே ஆஸ்பத்திரியில்
நர்ஸ் கையில் பட்டை கட்டி, காற்றை இறக்கி,
ஒன்றும் பேசாமல் இன்னொரு தடவை கட்டினாள்.
நூற்று அறுபத்தாறு.
"டூட்டி முடிஞ்சுதானே வந்தீங்க?"
முடிந்துதான். கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான்.
உடம்பு போடவில்லை.

எங்கள் ஊர்ப் பாறையும் இப்படித்தான்,
வெயில் ஆறு மணிக்கே போய்விடும்
அது நடுச்சாமம் வரை அனல் மூச்சு விடும்.

சித்திரையில் ஒரு பகல்.
சரக்கு ரயிலுக்காகக் கேட்டைப் போட்டேன்.
ஹாரன், ஹாரன், மேலும் ஹாரன்.
ஒருவன் என் அம்மாவையே இழுத்தான்.
முள்ளுக் கத்திரிக்காய் ஏற்றிய மொபெட்காரன் மட்டும்
வண்டியை அணைத்து
மூட்டைமேல் கன்னம் வைத்தான்
(குத்தாதோ?)
தூங்கியே போனான்.
ஐம்பத்தெட்டு பெட்டி.
அவன் வயிறு ஏறியது, இறங்கியது.

கடைசிப் பெட்டியின் முதுகில் மஞ்சள் பலகை.
அதைப் பார்த்தால்தான்
ரயில் முழுசாய்ப் போனதென்று கணக்கு.
பார்க்காமல் கேட்டைத் தூக்கினால் வேலை போகும்.
எத்தனை ஆயிரம் பலகை பார்த்திருப்பேன்,
எனக்குள் ஓடிய ரயில்
ஒன்றுக்குக்கூடப் பார்த்ததில்லை.

இப்போது ரிஜிஸ்டரில் நேரம் எழுதிய கையோடு
வாளித் தண்ணீரில் கால் வைக்கிறேன்.
மூச்சை இழுக்க நாலு,
விட எட்டு.
ஐந்திலேயே பதறிக்கொண்டு மேலே வரும்.
சில நாள் எட்டு வரை போகும்.
அன்றைக்குத் தோள் இரண்டும் தாமாக இறங்கும்,
வயிறு கடமுடா என்னும்,
பசி என்று ஒன்று உண்டென்பது ஞாபகம் வரும்.
போன வாரம் நூற்று நாற்பத்தெட்டு.
மாத்திரையும் உண்டு, பொய் சொல்ல மாட்டேன்.

மணி அடிக்கிறது.
கால் ஈரத்தோடு எழுந்தாயிற்று,
நெஞ்சு எனக்கு முன்னால்.

சரி, வா.
போகும்போது
முதுகைக் காட்டிவிட்டுப் போ.